அம்மாவின் மறதிக்குச் சாப்பாட்டில் மருந்து இருக்கிறதா?

கேள்வி நீளமாக இருப்பதால் மற்றவர்களுக்காகச் சுருக்கிக்கொள்கிறேன். அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கும் 72 வயது அம்மா. ஒரு வருடமாகப் பெயர்கள் மறக்கின்றன, சொன்னதையே திரும்பச் சொல்கிறார், இரண்டு தடவை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து போனார். சைவம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: தினமும் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடிக்கச் சொல், வல்லாரைப் பொடி கொடு, வால்நட் வாங்கிக் கொடு, அரிசியை அடியோடு நிறுத்து. இதில் எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், 46 வயதாகும் உங்களுக்கும் இது வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த வரை, சென்னையில் இருந்துகொண்டு அம்மாவுக்காக உங்களால் செய்ய முடிந்தது இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த நாலு யோசனையில் ஒன்றுகூட அந்தப் பட்டியலின் மேலே வராது.

நான் பாளையங்கோட்டையில் பொது மருத்துவம் பார்க்கிறவன், நரம்பியல் படித்தவன் இல்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள், பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருப்பவர்கள். அதனால் இது எனக்குப் பழகிய கேள்வி. அம்மாவை நேரில் பார்க்காமல் அவருக்கு இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பில் எது உறுதி, எது ஊகம், எது வெறும் வியாபாரம் என்பதை மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்னால் ரத்தத்தைப் பாருங்கள். உங்கள் அம்மா விஷயத்தில் எனக்கு முதலில் தோன்றுவது வைட்டமின் பி12. இந்தச் சத்து செடி கொடிகளில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் இருக்கிறது. சைவக் குடும்பத்தில் பாலும் தயிரும்தான் ஒரே வழி. வயதாக ஆக வயிற்றில் அமிலம் குறைந்து, உணவில் இருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்கும் திறன் குறைகிறது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை, பல வருடம் சாப்பிட்டால், அது உடம்பில் சேர்வதை இன்னும் குறைக்கும். இதற்கு மேல் 'கேஸ் மாத்திரை' என்று காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 72 வயது, சைவம், மெட்ஃபார்மின்: இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் நான் மறதியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே பி12 அளவைப் பார்த்துவிடுவேன். பாதத்தில் மதமதப்பு, செருப்பு நழுவுவது தெரியாமல் நடப்பது, இருட்டில் தள்ளாட்டம், நாக்கு வழவழவென்று சிவந்து இருப்பது இவையெல்லாம் கூடவே வரலாம். வராமலும் இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடிய மறதி இது. பல வருடம் விட்டுவிட்டால் முழுதாகத் திரும்பாது. ஒரு எச்சரிக்கை: ரத்தசோகை என்று நினைத்து ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தம் தேறியது போலத் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

அதே ரத்தத்தில் தைராய்டு, சோடியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), ஹீமோகுளோபின், மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சோடியம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பிரஷர் மாத்திரைகளில் நீர் பிரிக்கும் வகை ஒன்று உண்டு (ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்றவை, பெரும்பாலும் இன்னொரு மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாக இருக்கும்). வயதானவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இதில் சோடியம் இறங்கிவிடலாம். இருக்கவேண்டியது 135-க்கு மேல். அது 120 பக்கம் வரும்போது ஆள் மந்தமாகி, கிழமை மறந்து, ஏதோ மாதிரிப் பேசுவார். வீட்டில் 'திடீர்னு புத்தி பேதலிச்சிட்டு' என்று கூட்டி வருவார்கள். சோடியம் குறைவு என்றதும் வீட்டிலேயே உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் மாற்றவேண்டியது அந்த மாத்திரையைத்தான், அதை எழுதிக் கொடுத்தவர் மாற்றட்டும்.

அடுத்தது விரதம். நம் பக்கத்தில் சர்க்கரை உள்ள வயதான பெண்களிடம் நான் அதிகம் மன்றாடுவது இதைப் பற்றித்தான். ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால் ஆறு நாள், பாலும் பழமுமாக. புரட்டாசி சனி, ஏகாதசி, கிருத்திகை தனி. சாப்பாடு இல்லை, ஆனால் காலை மாத்திரையை மட்டும் டாக்டர் சொன்னபடி தவறாமல் போட்டுவிடுவார்கள். அந்த மாத்திரை கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகையாக இருந்தால், வயிற்றில் ஒன்றும் இல்லாமலே சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். சின்ன வயதுக்காரருக்கு வியர்வையும் படபடப்பும் வந்து எச்சரிக்கும். வயதானவருக்கு அது வராமலே போகலாம், குழப்பம்தான் முதல் அறிகுறியாக இருக்கும். மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. சர்க்கரை விழுந்தால் முதலில் தடுமாறுவது அதுதான். 2009-இல் கலிபோர்னியாவில் 16,000-க்கும் மேற்பட்ட வயதான சர்க்கரை நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, மருத்துவமனைக்குப் போகும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் கூடுதலாக வந்திருந்தது. இறங்கியதால் மறதி வந்ததா, மறதி தொடங்கியிருந்ததால் சாப்பாட்டையும் மாத்திரையையும் குழப்பிக்கொண்டார்களா என்று அந்தப் பதிவுகளை வைத்துத் தீர்மானமாகச் சொல்ல முடியாது. எப்படி இருந்தாலும் விரதம் இருப்பதற்கு முன்னால் மாத்திரையைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டுமா என்று கேட்டுவிடவேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி நீங்கள் கேட்ட 'மூளைக்கு நல்ல சாப்பாடு'. வாட்சப்பில் சுற்றும் 'மறதி நோயைப் பாதியாகக் குறைக்கும் உணவு' என்ற செய்திக்கு ஒரு மூலம் உண்டு. 2015-இல் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் தலைமையில் ஒரு குழு, 900-க்கும் சற்று மேற்பட்ட முதியவர்களின் சாப்பாட்டுப் பழக்கத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, சராசரியாக நாலரை வருடம் கவனித்தது. கீரை, மற்ற காய்கறி, பருப்பு பயறு, கொட்டைகள், பெர்ரிப் பழம், மீன், ஆலிவ் எண்ணெய், தவிடு நீக்காத தானியம் இவற்றை அதிகமாகவும், வெண்ணெய், பாலாடைக்கட்டி, இனிப்பு, பொரித்தது, சிவப்பு இறைச்சி ஆகியவற்றைக் குறைவாகவும் சாப்பிடும் முறை அது. 'மைண்ட்' உணவு என்று பெயர் வைத்தார்கள். அதை நன்றாகப் பின்பற்றியவர்களுக்கு, மறதி நோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் வரும் வாய்ப்பு 53 சதவீதம் குறைவு என்று வந்தது. உலகமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது.

அதற்கு அப்புறம் நடந்ததை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. அதே குழு அதைப் பரிசோதனையாகவே செய்து பார்த்தது. குடும்பத்தில் மறதி நோய் உள்ள, எடை கூடிய, 65 வயதுக்கு மேற்பட்ட 604 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மைண்ட் உணவு, மறு பாதிக்கு அவர்கள் வழக்கமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் அளவு குறைத்து. மூன்று வருடம். 2023-இல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் நினைவாற்றல் தேர்வில் கொஞ்சம் முன்னேறினார்கள், இரண்டுக்கும் இடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஏன்? மூன்று வருடம் போதாது என்று சொல்லலாம். மறு பாதியும் எடை குறைந்து, கவனிப்பும் பெற்றதால் அவர்களும் தேறினார்கள் என்று சொல்லலாம். முதல் ஆய்வில் நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்கள் படிப்பு, வசதி, நடைப்பழக்கம் எல்லாவற்றிலும் ஒரு படி மேலே இருந்திருப்பார்கள், அந்தக் கணக்கை முழுதாகக் கழிக்க முடியாது என்றும் சொல்லலாம். இன்னொன்றும் உண்டு. அல்சைமர் நோய்க்கான மாற்றம் மூளையில் தொடங்கி, மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடம் ஆகிறது. அந்த இடைவெளியில் ஆளின் பசியும் ருசியும் மெல்ல மாறும். அதனால் சாப்பாடு கெட்டதால் மூளை கெட்டதா, மூளை மாறியதால் சாப்பாடு மாறியதா என்பதைத் தூரத்திலிருந்து பார்த்துப் பிரிப்பது கஷ்டம்.

ஆகவே, இன்ன உணவு மறதி நோயைத் தடுக்கும் என்று யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். ஸ்பெயினில் ஆலிவ் எண்ணெயும் கொட்டைகளும் கொடுத்துப் பார்த்ததில் கொஞ்சம் நல்ல பலன் வந்தது. பின்லாந்தில் மியா கிவிபெல்ட்டோ குழு 1,260 பேரிடம் சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் சர்க்கரைக் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் செய்ததிலும் (2015-இல் வெளிவந்தது) நல்ல பலன் வந்தது. ஆனால் அதில் சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று தனியாகப் பிரிக்க முடியாது. இவ்வளவு பெரிய அளவில் இட்லி, சொதி, கூட்டாஞ்சோற்றை வைத்துப் பரிசோதனை நடந்ததில்லை. நம் சாப்பாட்டைப் பற்றி நான் கீழே சொல்வதெல்லாம் அங்கே கண்டதிலிருந்து இங்கே பொருத்திப் பார்ப்பதுதான்.

அப்படியானால் உறுதியாகத் தெரிந்தது என்ன? ரத்தக்குழாய். மூளையின் உள்ளடுக்குக்குப் போகும் குழாய்கள் மயிரிழை மாதிரி மெல்லியவை, கடைமடை வயலுக்குப் போகும் வாய்க்கால் போல. மேலே எங்கே அடைத்தாலும் முதலில் காய்வது அந்த வயல்தான். பிரஷரும் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் பல வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் அந்தக் குழாய்கள் தடித்து அடைகின்றன, தெரியாமலே சின்னச் சின்ன பக்கவாதங்கள் வந்து போகின்றன, நினைவும் வேகமும் குறைகின்றன. 2024-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் ஆணையம் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகத்தில் 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. அந்த 14-இல் 'உணவு' என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், அளவு மீறிய மது என்று சாப்பாட்டோடு தொடர்புள்ளவை வரிசையாக இருக்கின்றன. காது மந்தமும் தனிமையும்கூட இருக்கின்றன. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், போனில் சொன்னது மறந்து போவதற்கும் கேட்காமல் போவதற்கும் வித்தியாசம் தெரியாது. அந்த 45 சதவீதம் மொத்த மக்கள்தொகைக்கான மதிப்பீடு. உங்கள் அம்மாவுக்கு 45 சதவீதம் குறையும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது சொந்தக்காரர்கள் சொன்ன நாலுக்கும் வருகிறேன். தேங்காய் எண்ணெய் குடித்தால் மறதி போகும் என்பதற்கு நம்பும்படியான சான்று கிடையாது. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது கெட்ட கொழுப்பை ஏற்றும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. அவியலுக்கு மேலே ஒரு ஸ்பூன் ஊற்றுவதை நான் தடுக்க மாட்டேன். திருநெல்வேலிக்காரனிடம் மறுவீட்டுச் சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுக்காதே என்று சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. மருந்து போல டம்ளரில் ஊற்றிக் குடிப்பதுதான் வேண்டாம். வால்நட்டை வைத்தே தனியாக ஒரு பரிசோதனை அமெரிக்காவிலும் பார்சிலோனாவிலும் இரண்டு வருடம் நடந்தது. சுமார் 700 முதியவர்களில் மொத்தமாகப் பார்த்தால் நினைவாற்றலில் பலன் தெரியவில்லை. இதயத்துக்கு நல்ல உணவு, வசதி இருந்தால் சாப்பிடட்டும். இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி நிலக்கடலையை அவித்துச் சாப்பிடட்டும், பல்லுக்கும் சிரமமில்லை.

வல்லாரை கீரையாக நல்லது, துவையலாக அரைத்தால் இன்னும் நல்லது. பொடியும் மாத்திரையும் நினைவாற்றலைக் கூட்டும் என்று காட்ட இதுவரை வந்த ஆய்வுகள் போதவில்லை. வெளிநாட்டில் இதே மாதிரிப் புகழ்பெற்ற ஜிங்கோ மூலிகையை 75 வயது தாண்டிய 3,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு வருடம் போலக் கொடுத்துப் பார்த்து, 2008-இல் பலன் இல்லை என்று முடித்தார்கள். மஞ்சளும் அப்படித்தான். ஹரியானாவின் பல்லப்கரில் அல்சைமர் குறைவு என்று ஒரு ஆய்வு வந்ததும், மஞ்சள்தான் காரணம் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அந்த ஆய்வு மஞ்சளைச் சோதிக்கவே இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் வயிற்றிலிருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகவே போகிறது. அல்சைமர் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததிலும் கைகொடுக்கவில்லை. எனக்கு உண்மையான பயம் வேறு இடத்தில். லேபிள் இல்லாத லேகியமும் பஸ்பமும் ஊருக்கு ஊர் விற்கிறார்கள். இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் வாங்கிச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2008-இல் ஒரு ஆய்வு வந்தது. ஈயம் மூளைக்கு விஷம். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே படித்த மருத்துவரிடம் காட்டி வாங்குங்கள். என்ன சாப்பிடுகிறார் என்பதை உங்கள் டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அரிசியை நிறுத்துவது. நாலு யோசனையில் இதுதான் ஆபத்தானது. கட்டாயம் குறைக்கலாம், அடியோடு நிறுத்தினால் அந்த இடத்தில் வேறு என்ன வரும் என்று யோசித்தீர்களா? சப்பாத்தி மெல்லப் பல் வேண்டும். தனியாக இருக்கும் வயதானவர், சோறு வேண்டாம் என்றால் பெரும்பாலும் எதையும் சமைக்கவே மாட்டார். ரெண்டு ரஸ்க், ஒரு காப்பி, ராத்திரி ஒரு தம்ளர் ஹார்லிக்ஸ், அதோடு முடிந்தது. மாத்திரை மட்டும் பழைய அளவில். மேலே விரதத்துக்குச் சொன்னதே இங்கேயும் நடக்கும்.

எழுபது வயதுக்கு மேல் நம் ஊரில் நான் அதிகம் பார்க்கும் குறை, கெட்டது சாப்பிடுவதைவிடப் போதாமல் சாப்பிடுவது. காலையில் மூணு இட்லி, மதியம் மோர்ச்சோறும் ஊறுகாயும், ராத்திரி மறுபடி தோசை. கேட்டால் 'வயசாயிட்டு, இதுக்கு மேல என்னத்த சாப்பிட' என்பார்கள். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று முதியோர் மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். அம்மா 50 கிலோ என்றால் தினம் 50, 60 கிராம். நான் சொன்ன அந்தச் சாப்பாட்டில் முப்பதைத் தொட்டால் பெரிது. தசை கரையும், நடை குறையும், விழுவார், விழுந்து படுத்தால் மறதி வேகமாகக் கூடும். காரணமில்லாமல் எடை குறைவது மறதி நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் மாதம் ஒரு தடவை எடை பாருங்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் குறைந்தால் சும்மா விடக் கூடாது. ஐம்பது கிலோவில் அது வெறும் இரண்டரை கிலோதான். சேலை கட்டியிருப்பவரிடம் கண்ணுக்கே தெரியாது.

என்ன கொடுக்கலாம்? புதிதாக எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள், மறதி தொடங்கியவருக்குப் பழகிய சமையல்தான் கைவரும். நம் கூட்டாஞ்சோறு இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. ஒரே பாத்திரம், துவரம்பருப்பு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், வாழைக்காய், கிடைத்த காய் எல்லாம், குழைய வெந்திருக்கும், பல் இல்லாவிட்டாலும் இறங்கும். அரிசியைப் பாதியாக்கிப் பருப்பையும் காயையும் ஏற்றிவிட்டால் போதும், யாரும் ருசியில் குறை சொல்ல மாட்டார்கள். தோல் உளுந்து போட்ட உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் வாரத்தில் ஒரு நாள். காணத்தை வறுத்து அரைத்த துவையல், தட்டாம்பயறு, மொச்சைக் குழம்பு, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். தினம் ஒரு கீரை, எந்தக் கீரை என்பது முக்கியமில்லை. இரண்டு தடவை பாலோ தயிரோ. உங்கள் வீட்டில் முட்டைக்கு மனம் ஒப்பினால் ஒன்று. ஒப்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், பி12-க்கு மாத்திரை இருக்கிறது. (அசைவ வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால்: தூத்துக்குடியிலிருந்து வரும் சாளையும் அயிலையும் போதும், குழம்பு வைத்து. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மறதி குறைவு என்று சாப்பாட்டுப் பழக்கத்தைக் கேட்டுக் கவனித்த ஆய்வுகள் சொல்கின்றன. மீனெண்ணெய் மாத்திரை அதே பலனைத் தரும் என்பது பரிசோதனையில் நிற்கவில்லை.) கிரியாட்டினின் கூடியிருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் டாக்டரிடம் கேளுங்கள், சிறுநீரகத்துக்குக் கணக்கு வேறு.

நாக்கில் ருசியும் மூக்கில் மணமும் வயதோடு மங்குகின்றன. அதனால் உப்பு, ஊறுகாய், மோர்மிளகாய், வத்தல், அப்பளம் என்று கை தானாகப் போகும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், சமதளமாக ஒரு டீஸ்பூன். எலுமிச்சை, இஞ்சி, மிளகு, கொத்துமல்லி கொண்டு ருசியைத் தூக்கினால் உப்பு குறைந்தது அவ்வளவாகத் தெரியாது. 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் வருவதில் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சிறுநீரகக் குறை உள்ளவர்களும் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. தண்ணீரைப் பொறுத்தவரை, வயதானவர்களுக்குத் தாகம் தெரியாது, நம் வெயில் அதற்குக் காத்திருக்காது. சித்திரை வைகாசியில் நீர்மோர், நீராகாரம், ரசம் எதுவாக இருந்தாலும் நேரம் வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். இதயம் பலவீனமானவருக்கு மட்டும் அளவு உண்டு. அல்வா? நெல்லையப்பர் கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது ஒரு வாய் சாப்பிட்டால் யாருக்கும் மறதி வந்துவிடாது. வீட்டில் கால் கிலோ பொட்டலம் இருக்கும்போதுதான் பிரச்சினை. கருப்பட்டிக்கு மாற்றினால் சர்க்கரை ஏறாது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஏறும்.

சமையலறையை வேறு ஒரு காரணத்துக்காகவும் கவனிக்கச் சொல்வேன். பெயர் மறப்பது எல்லாருக்கும் உண்டு. ஐம்பது வருடம் வைத்த குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுவது, புளியைக் கரைத்து வைத்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்பது, அடுப்பை அணைக்காமல் படுத்துவிடுவது வேறு வகை. நீங்கள் எழுதிய பால் விஷயம் இந்தப் பக்கம் சேர்கிறது, அதனால்தான் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். ஊருக்கு ஒரு வாரம் வாருங்கள். பக்கத்தில் இருந்து ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறார், எந்த மாத்திரையை எப்போது போடுகிறார் என்று பாருங்கள். போனில் 'சாப்பிட்டேன்யா' என்பதை நம்பாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், தூக்கத்துக்கும் சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். அவற்றில் சில மறதியைக் கூட்டும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கவேண்டும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். குழப்பம் மெல்ல வராமல் ஒரே நாளில், சில மணி நேரத்தில் வந்தால் எந்த நாளுக்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டில் யாராவது மதியச் சாப்பாட்டுக்கு அம்மாவோடு உட்கார முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் குறைவாகத்தான் சாப்பிடுவார்.

கடைசியாக உங்களைப் பற்றி. 46 வயதில் கேட்கிறீர்கள், நல்ல நேரம். பிரஷருக்கும் பின்னாளில் வரும் மறதி நோய்க்கும் உள்ள தொடர்புக்கான சான்று, உங்கள் அம்மாவின் வயதைவிட உங்கள் வயதுக்குத்தான் வலுவாக இருக்கிறது. ஏனென்றால் ரத்தக்குழாய் நாற்பதிலும் ஐம்பதிலுமே கெட்டுக்கொண்டிருக்கும். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 9,000-க்கும் அதிகமானவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பிரஷர் பரிசோதனையில், மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு, 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட, மறதி நோய்க்கு முந்தைய நிலையான லேசான நினைவுக்குறைவு 19 சதவீதம் குறைவாக வந்தது. மறதி நோயே குறைந்ததா என்று கேட்டால், குறைந்தது போல இருந்தது, தற்செயல் என்று தள்ள முடியாத அளவுக்கு இல்லை. அந்தப் பரிசோதனையில் சர்க்கரை உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, அதனால் அம்மாவுக்கு அந்த 120-ஐ நீங்களே இலக்காக வைத்துவிடாதீர்கள். வயதானவருக்குப் பிரஷர் ரொம்ப இறங்கினால் எழுந்து நிற்கும்போது விழுவார். உங்களுக்கு வருமா என்பதற்கு, அம்மாவுக்கு இருப்பது மறதி நோய்தான் என்றே வைத்துக்கொண்டாலும், எழுபதுக்கு மேல் வந்திருப்பதால் உங்கள் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சின்ன வயதிலேயே வரும் பரம்பரை வகை மிக அரிது. வாரத்தில் எத்தனை ராத்திரி கடையில் பரோட்டா, புகை உண்டா, நடை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதையும் எழுதவில்லை. அம்மாவுக்கு ரத்தம் எடுக்கும் அன்றைக்கே உங்கள் பிரஷரையும் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்துவிட்டு, எண்களோடு எழுதுங்கள்.